அயலைக் கேட்டு வாங்கிய வீடு

போன மாதம், காணி வீட்டு உறுதிப் பத்திரங்கள் எழுதும் எங்கள் பழைய கந்தோருக்குப் போனேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் போனேன். இப்போது அதை நடத்துகிற இளம் நொத்தாரிசு மொன்றியலில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. நான் உள்ளே போனபோது அவள் ஒரு வீட்டை விற்று முடித்துக்கொண்டிருந்தாள். விற்றவர் பக்கத்து நகரமான லவாலில் தன் குசினி அடுப்படியில் இருந்தார். வாங்கியவர் ஏதோ ஒரு விமான நிலையத்தில் இருந்தார். இருவரும் திரையில் தெரிந்தார்கள், தலையாட்டினார்கள், விரலால் கையெழுத்துக் கீறினார்கள், மறைந்துபோனார்கள். எனக்குத் தந்த தேநீர் அப்போதும் சுட்டுக்கொண்டிருந்தது.

"அங்கிள், முந்தி நீங்கள் உறுதியை முழுசா வாசிப்பீங்களாம். மெய்யா?" என்று கேட்டாள்.

"மெய்தான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து மட்டும்."

"ஆராவது காது குடுத்துக் கேட்டவையா?"

"ஒரே ஒருக்காக் கேட்டாங்க" என்றேன்.

அப்படியென்றால் அதையே சங்க மலருக்கு எழுதித் தரும்படி சொல்லிவிட்டு, அடுத்த வீட்டை விற்கப் போய்விட்டாள். ஆகவே எழுதுகிறேன். உரக்க வாசித்தால் நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா மட்டக்களப்பு வாவியில் வலை இழுத்தார். ஊராருக்குக் கடிதம் வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தி வாசிக்க வைப்பார். படிப்பு என்பது மற்றவர்களுக்காக உரக்க வாசிப்பது என்றுதான் நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பிழைப்பும் அப்படியே அமைந்தது. ஊரில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிகளைப் பிரதி பண்ணும் எழுத்தராக இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் அந்தக் கந்தோர் எரிந்துவிட்டது. காணி வாங்குகிறவர்களும் காணாமற் போனார்கள். அகதியாக வந்து நான் மொன்றியலில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அகதிகளுக்கு அரசு நடத்திய பிரெஞ்சு வகுப்புக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போன ஒரே ஆள் நான். முதல் நாள், மேற்பார்வைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து ஆசிரியை எழுந்து நின்றார். அந்த மரியாதை இரண்டாம் நாள் கிடைக்கவில்லை. கழுத்துப்பட்டியை மட்டும் நான் விடவில்லை.

நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில், டெபனர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த நொத்தாரிசு ஒருவர், காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடிப் பார்த்து வர ஆள் தேடினார். வேலை கேட்டு வந்தவர்கள் எல்லாரும் பழங்காலக் கையெழுத்தைக் கண்டதும் மெர்சி சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். எனக்கு அந்தக் கையெழுத்துப் பழக்கமானது. உலகத்து நொத்தாரிசுகள் எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் எழுதப் பழகியவர்கள் போலத்தான் எழுதுவார்கள். தந்த பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாதிக்கு மேல் அர்த்தம் விளங்கவில்லை. அவருக்கு அதுதான் பிடித்தது.

"அர்த்தம் விளங்குகிறவன் சொல்லைத் தாண்டி ஓடுவான்" என்றார். "நீ ஓடமாட்டாய்."

அங்கே நொத்தாரிசுகளை ‘மெத்ர்’ என்று அழைப்பது மரியாதை. நானும் கடைசிவரை அப்படியே அழைத்தேன். அவருடைய முகத்தை விட அவர் உறுதி முடிக்கும் முறைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் வந்து அமர்ந்ததும் யன்னலைச் சாத்துவார். தொலைபேசியின் காதுக்குழலை எடுத்து மேசை லாச்சிக்குள் படுக்க வைத்து மூடுவார். அது உள்ளே கிடந்து கொஞ்ச நேரம் முனகும். வாயில் ஒரு மிளகுக்கற்பூர மிட்டாயைப் போட்டு, அது கரையும்வரை எல்லாரையும் காக்க வைப்பார். பிறகு எழுந்து நின்று உறுதியை வாசிப்பார். காணி இலக்கம், எல்லைகள், பிறந்த ஊர்கள், தகப்பன் பெயர்கள், ஒன்றையும் விடமாட்டார். நடுவில் யாராவது வாய் திறந்தால் வலதுகைச் சுட்டுவிரல் உயரும். குரல் நிற்காது.

"மெத்ர், எங்களுக்கு உங்களில் நம்பிக்கை இருக்கிறது, வாசிக்கத் தேவையில்லை" என்று அவசரக்காரர்கள் சொல்வதுண்டு.

"நம்பிக்கை எனக்கு வேண்டாம். காது போதும்" என்பார்.

பிரெஞ்சு விளங்காதவர்கள் வந்தாலும் அதே வேகத்தில் வாசிப்பார். நான் பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். காலப்போக்கில் எங்கள் ஆட்கள் அதைத் தேவாரம் கேட்பதுபோலக் கைகட்டிக் கேட்கப் பழகினார்கள். சிலர் முடிவில் கும்பிட்டார்கள்.

காணியின் பூர்வீகத்தை முப்பது ஆண்டுகள் பின்னோக்கித் தேடினால் சட்டத்துக்குப் போதும். மெத்ருக்குப் போதாது. "முப்பது ஆண்டு வாடிக்கையாளருக்கு. மிச்சம் எனக்கு" என்று சொல்லி, முதன்முதல் குடியேறியவனுக்கு எழுதிய பத்திரம் வரைக்கும் என்னை அனுப்புவார். அப்படித்தான் நான் அமெரிக்கக் கண்டத்தின் குடியேற்றக் காலத்தைக் கற்றேன், பள்ளிக்கூடத்தில் அல்ல, பதிவகத்தின் நிலவறையில்.

மொன்றியல் தீவு முழுவதும் ஒரு காலத்தில் ஒரு துறவியர் சபையின் சொத்து. பிரான்சிய மன்னரிடமிருந்து கைமாறி வந்தது. மன்னருக்கு அதை யார் கொடுத்தார்கள் என்று ஒரு பத்திரத்திலும் இல்லை. இந்த மண்ணில் முன்பே இருந்த சனங்களின் பெயரும் இல்லை. மெத்ரிடம் கேட்டேன். ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அது கரையும்வரை காத்திருந்தேன். கரைந்த பிறகு வேறு ஏதோ பேசினார்.

துறவிகள் தீவை நீளநீளமான கீற்றுகளாக வெட்டிக் கப்பலில் வந்த குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். கையில் காசு கேட்கவில்லை. நிபந்தனைதான் கேட்டார்கள். ஓர் ஆண்டுக்குள் அந்த மண்ணில் வீடு கட்டி அடுப்பு மூட்டிக் குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காணி பறிபோகும். தானியத்தை அவர்களுடைய ஆலையில்தான் அரைக்க வேண்டும். வருடா வருடம் உயிரோடு சேவல் கொண்டுவந்து கட்ட வேண்டும். கப்பல் கட்ட உதவும் ஓக் மரத்தை மன்னருக்காக விட்டுவைக்க வேண்டும். அயலவன் கேட்டால் எல்லையோரத்து மரங்களை வெட்டி அவன் நிலத்துக்கு வெளிச்சம் விட வேண்டும். வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்கள் எதற்காக ஊரை விட்டு வந்தார்கள் என்று யாரும் விசாரணை வைக்கவில்லை. அடுப்பு மூட்டினால் காணி. நாங்கள் இங்கே வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளும் பெற்று, அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு அழைக்கப்பட்டோம்.

இனிச் சிவபாதம் அண்ணையின் கதை.

அவர் வடமராட்சிக்காரர். கோட் தைக்கும் தொழிற்சாலையில் ஸ்திரிக்கை போடுகிற வேலை. மனைவி மனோன்மணி அக்கா வீட்டிலிருந்து துண்டுக்கணக்கில் சட்டைக்குப் பொத்தான் தைத்தார். மூன்று பெண்பிள்ளைகள். விசாரணை முடிந்து நிரந்தர வதிவுக் கடதாசி கிடைத்த முதல் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. ஒரு ஏப்ரல் மாதம், தெருவோரத்துப் பனி கறுத்துக் கிடந்த சமயத்தில், கந்தோருக்கு வந்தார். அவர்கள் இருந்த மாடிவீட்டின் சொந்தக்காரர் தன் மகனுக்கு வீடு தேவை என்று அறிவித்தல் கொடுத்திருந்தார்.

மொன்றியலில் வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் கடைசியில் முடியும். ஜூலை முதலாந் திகதி நகரத்தின் பாதிச் சனம் மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு மற்றப் பாதியின் வீட்டுக்குப் போகும். அன்றைக்குப் போக இடமில்லாதவன் மெத்தையோடு தெருவில் நிற்பான். சிவபாதம் அண்ணை கதவு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டார். பொன்ஜூர் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகப் போகும். மூன்று பிள்ளைகள் என்றதும் வீடு அப்போதுதான் யாருக்கோ கொடுபட்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் கஸ்தோன் என்றொரு கிழவர் தனியாக இருந்தார். கல்லுடைக்கும் குவாரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாரிக்காலமாக அவருடைய வாசற்பனியைச் சிவபாதம் அண்ணைதான் அள்ளிக் கொடுத்தார். ஒருநாள் கிழவர், ஜூனில் தான் லவாலில் இருக்கும் மகளிடம் போகப்போவதாகவும், வீட்டை அவருக்கே நியாயமான விலைக்குத் தருவதாகவும், இதை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். விற்பனைப் பலகை தொங்கவிடவில்லை, தரகரும் இல்லை. வங்கியும் சரி என்றது.

மெத்ர், விற்பனை ஒப்புதல் எழுதத் தாளை எடுத்தார். "கையெழுத்து வைத்துவிட்டால் கிழவர் பிறகு மனம் மாற முடியாது" என்றார்.

நான் தமிழில் சொன்னதைக் கேட்டுச் சிவபாதம் அண்ணை தலையை அசைத்தார். "அது சரி தம்பி. அயலுக்கு அறிவிச்சாச்சோ எண்டு கேளும்."

"எந்த அயலுக்கு அண்ணன்?"

"ரெண்டு பக்கமும் ஆக்கள் இருக்கினமெல்லே. ஒரு பக்கம் இத்தாலியன், மற்றப் பக்கம் அந்த ஹெயிட்டி மனிசி."

"அவங்களுக்கு எதுக்குச் சொல்ல வேணும்?"

"இதென்ன கேள்வி. காணி விக்கேக்க பங்காளியளையும் அயல் காணிக்காரனையும் முதல் கேக்கவேணும். அவை வேண்டாம் எண்டால்தான் பிறத்தியான் வாங்கலாம். உங்கட பக்கம் இது இல்லையோ?"

"எங்கட பக்கம் வீடு பொம்புளைப் பிள்ளைக்குப் போயிரும். கேக்கிறதுக்கு ஆளே மிஞ்சாது."

"அப்ப உமக்கு விளங்காது" என்றார்.

அவருக்கு விளங்கியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தகப்பனார் ஒரு பனங்காணி வாங்கினார். தன்னைக் கேட்கவில்லை என்று ஒரு பங்காளி வழக்குப் போட்டான். வழக்கு நடந்த காலத்தில் அவர்களுடைய வழக்கறிஞரின் மகன் படித்து வழக்கறிஞராகி, அதே வழக்கைத் தகப்பனிடமிருந்து வாங்கி நடத்தினான். தீர்ப்பு வந்தபோது பனைகள் பட்டுவிட்டன.

இவ்வளவையும் மெத்ருக்குச் சொன்னேன். அவர் தாளை வைத்துவிட்டு எழுந்து நின்றார். வாசிப்பதற்கு மட்டும் எழுந்து நிற்பவர். "எங்களிடமும் இருந்தது" என்றார். "பழைய பிரெஞ்சுச் சட்டம். பரம்பரைக் காணியை வெளியாளுக்கு விற்றால், ஓர் ஆண்டும் ஒரு நாளும் போவதற்குள் இரத்த உறவினன் எவனும் அதே விலையைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். அதை நீக்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறதா?" சுகம் விசாரிப்பதுபோலக் கேட்டார். பிறகு உட்கார்ந்து தொழிலுக்குத் திரும்பினார். "இங்கே அயலவரைக் கேட்பது சட்டப்படி தேவையில்லை. புத்திப்படி கூடாது. இதை அவருக்கு அப்படியே சொல்."

அப்படியே சொன்னேன்.

"சட்டத்தோட இருக்கப்போறது அவர். அயலோட இருக்கப்போறது நான்" என்றார் சிவபாதம் அண்ணை. "நாளைக்கு நீரும் வாரும். என்ர பிரெஞ்சு பனி அள்ளத்தான் காணும்."

ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுபோனோம். இத்தாலியரின் பெயர் ரொக்கோ. பின்வளவில் திராட்சைக்கொடி, தக்காளிக்குக் கட்டிய கம்புகள், எல்லாம் நேர்த்தியாக இருந்தன. அவரும் கஸ்தோனும் பேசி ஒரு மாமாங்கம் ஆகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. திராட்சைக்கொடி வேலியைத் தாண்டிப் போக, கஸ்தோன் தன் பக்கத்துக் குலையைப் பறித்துத் தின்றாராம். யாழ்ப்பாணத்து வேலிச்சண்டை தனி ரகம் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். செயின்ட்-மிஷேலிலும் அதன் கிளை இருந்தது.

சிவபாதம் அண்ணை பழத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "முசியே கஸ்தோன் வீட்டை விக்கிறார். நான் வாங்க விரும்பிறன். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தாலோ, நீங்கள் வாங்கிறதெண்டாலோ, முதல் உரிமை உங்களுக்கு. கேட்டுப்போட்டுத்தான் கையெழுத்து வைப்பன் எண்டு சொல்லும்."

ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன். ரொக்கோ கையிலிருந்த பழத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"விற்கிறாரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே வீடு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய மகள் லீனாவுக்குக் கோடையில் கல்யாணம். மகளைப் பக்கத்திலேயே குடிவைக்க வேண்டும் என்று அவர் கன்னிமாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம். மாதா இரண்டு தமிழரை வாழைப்பழத்தோடு அனுப்பியிருக்கிறார். எங்கள் இருவரையும் கன்னத்தில் முத்தமிட்டார். அதன்பிறகு மற்றப் பக்கத்து அயலைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ரொக்கோ அன்றைக்கே வேலியைச் சுற்றிப் போய்க் கஸ்தோனின் கதவைத் தட்டினார். சிவபாதம் அண்ணை பேசிய விலையைவிடக் கூடுதலாகவும் முழுக்கக் காசாகவும் தருவதாகச் சொன்னார். கோபம் பழையது, விலை புதியது. மாலையில் இருவரும் திராட்சைக்கொடியின் கீழே உட்கார்ந்து அதே கொடியின் வைனைக் குடித்துக்கொண்டிருந்ததை எதிர்மாடி யன்னலிலிருந்து மனோன்மணி அக்கா பார்த்தார்.

அடுத்த நாள் நான் போனபோது அவர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வாரும் தம்பி. உங்கட அண்ணை வீடு வாங்கப் போனவர். வித்துக் குடுத்துப்போட்டு வந்து நிக்கிறார். தரகுக் காசும் கேக்கேல்லை."

"அயலைக் கேக்காமல் எப்பிடியப்பா..." என்றார் சிவபாதம் அண்ணை.

"மூண்டு பிள்ளையளோட நடுத்தெருவில நிக்கேக்க ரெண்டு பக்கமும் அயல்தான். நல்லாக் கேளுங்கோ."

"அவன் கேட்டான், குடுத்தன். வேற ஆரும் பேந்து வந்து வழக்குப் போடமாட்டினம்."

"ஓம், இல்லாத வீட்டுக்கு ஆர் வழக்குப் போடுறது."

மே மாதம் போயிற்று. ஜூனும் பாதி போயிற்று. சிவபாதம் அண்ணை வேலைவிட்டு வந்து சாப்பிடாமலே வீடு தேடப் போவார். பெட்டிகள் கட்டிச் சுவரோரம் அடுக்கியாயிற்று. அவற்றில் எந்த முகவரியும் எழுதப்படவில்லை. கடைசிப் பிள்ளை தன் பாடப்புத்தகப் பெட்டியில் மட்டும் தன் பெயரை எழுதி, கீழே ‘மொன்றியல்’ என்று போட்டிருந்தது. என் கழுத்துப்பட்டியைப் பார்த்து, கந்தோர்க்காரருக்கு ஏதும் வழி தெரியுமா என்று அக்கா இரண்டொரு தரம் கேட்டார். தெரியவில்லை.

ரொக்கோவின் உறுதி முடிக்கும் நாள் ஜூன் கடைசி வாரத்தில் வந்தது. வாங்குபவராக மகளின் பெயர். லீனாவும் அவளைக் கட்டப்போகும் பையனும் ஒரு பக்கம், ரொக்கோ நடுவில், கஸ்தோன் மறுபக்கம். கஸ்தோனின் உடுப்புப் பெட்டிகூடக் கந்தோர் வாசலில் இருந்தது. நேரே லவாலுக்குப் போக மெட்ரோ ஏறி, கடைசி நிலையத்தில் இறங்கினால் மகள் காரோடு நிற்பாள் என்று திட்டம். தமிழ் பேசுகிறவர்கள் யாரும் இல்லாததால் எனக்கு வேலை இல்லை. சாட்சியாக ஓரத்தில் இருந்தேன்.

யன்னல் சாத்தப்பட்டது. காதுக்குழல் லாச்சிக்குள் போயிற்று. மிட்டாய் கரைந்தது. "வாசிக்க வேண்டாம் மெத்ர், எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் ரொக்கோ. "உங்களுக்குத் தெரியும்" என்றார் மெத்ர். எழுந்து வாசிக்கத் தொடங்கினார்.

பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். லீனா நகத்தைப் பார்த்தாள். காணி இலக்கம் போயிற்று, எல்லைகள் போயின. பிறகு ரொக்கோ தனியாகக் கேட்டு எழுதுவித்த நிபந்தனை வந்தது. இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள வேலியில் ஒரு படலை வைக்கப்படும். அதன்வழியாக, மேற்படி ரொக்கோ, தன் ஆயுள் உள்ளவரை, மேற்படி வீட்டின் வளவுக்குள்ளும் பின்கதவு வரைக்கும், கால்நடையாக, பகலிலும் இரவிலும், முன்னறிவித்தல் இன்றி, எந்நேரமும் வந்துபோக உரிமை உடையவர்.

மெத்ர் எல்லாவற்றையும் வாசிக்கும் அதே குரலில்தான் வாசித்தார். ‘இரவிலும்’ என்ற சொல்லில் சற்று நின்றார் என்று நான் நினைக்கிறேன். மிட்டாயின் மிச்சமாகவும் இருக்கலாம்.

பையன் கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தான். லீனா சொன்னாள்: "அதைத் திரும்ப வாசியுங்கள்."

மெத்ரின் தொழில்வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சுட்டுவிரல் பாதி உயர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கியது. திரும்ப வாசித்தார். இன்னும் ஆறுதலாக.

"அப்பா, எந்நேரமும் என்றால்?"

"தக்காளி கொண்டுவர" என்றார் ரொக்கோ. "சும்மா. பார்க்க."

"இரவில் தக்காளியா?"

"மழை பெய்தால் யன்னல் சாத்தியிருக்கிறீர்களோ என்று பார்க்க வேண்டாமா?"

பையன் அதுவரை வாய் திறக்காதவன். "முன்னறிவித்தல் இன்றி" என்று மெல்லத் தனக்குள்ளே சொல்லிப் பார்த்தான். லீனா பேனையை மூடி மேசையில் வைத்தாள். "லவாலில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், அப்பா. சொல்லத்தான் பயமாக இருந்தது."

இத்தாலிய மொழியில் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது. மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. முடிவில் ரொக்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனார். பிள்ளைகள் பின்னால் போனார்கள். கஸ்தோன் தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெத்ர் லாச்சியைத் திறந்து காதுக்குழலை எடுத்தார். தானே அதை என் பக்கம் நீட்டினார். "உன்னுடைய அந்த ஸ்திரிக்கைக்காரருக்கு எந்த இலக்கம்?"

நான் தொழிற்சாலைக்குப் பேசினேன். சிவபாதம் அண்ணை சத்தத்துக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"தம்பி" என்றார். "அந்த ஹெயிட்டி மனிசியை இன்னும் கேக்கேல்லை."

"அண்ணன், இண்டைக்கு என்ன திகதி தெரியுமா?"

"ஓம். அதுதான் கெதியாக் கேக்கவேணும்."

அன்று மாலை அவர்கள் வீட்டுப் படியிறங்கும் இடத்தில் மனோன்மணி அக்கா கையை விரித்து நின்றார். "இன்னொரு சீப்பு வாழைப்பழம் இந்தப் படி இறங்காது" என்றார்.

"இவ்வளவு நாளும் இருந்தும் கேக்காமல் வாங்கினால், அந்த மனிசி காலத்துக்கும் எங்களை என்னெண்டு பாக்கும்?"

"ரோட்டில நிண்டா என்னெண்டு பாக்கும்?"

சிவபாதம் அண்ணை வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு மனைவிக்குப் பக்கத்தால் நெளிந்து இறங்கினார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போனேன். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. அக்காவும் வந்துகொண்டிருந்தார்.

மதாம் யோலாந்த் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். வேலை உடுப்போடு கதவைத் திறந்தார். நான் சொல்லி முடித்ததும் எங்கள் மூவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?"

"ஊர் வழக்கம்" என்று சொன்னேன்.

"நான் இங்கே வந்தபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வந்திருக்க முடியாது" என்றார். பிறகு யோசித்தார். "வீடு எனக்கு வேண்டாம். ஆனால் கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன். அந்த வளவில் நிற்கிற மேப்பிள் மரம் என் தோட்டத்தை இருட்டாக்குகிறது. மிளகாய் காய்க்கவே இல்லை. கஸ்தோனிடம் சொல்லிக் களைத்துவிட்டேன். கிளையை வெட்டுவீர்களா?"

நான் மொழிபெயர்க்க முன்னமே அக்காவுக்கு ஏதோ விளங்கிவிட்டது. "என்னவாம்?"

"மரம் மறைக்குதாம். மிளகாய் காய்க்கேல்லையாம்."

"கிளையென்ன, மரத்தையே வெட்டுறம் எண்டு சொல்லும். எனக்கும் ரெண்டு கண்டு தரச் சொல்லும்."

மறுநாள் கந்தோரில் இதைச் சொன்னேன். மெத்ர் உடனே, நான் நிலவறையிலிருந்து எழுதிக் கொண்டுவந்திருந்த முதற் குடியேற்றப் பத்திரத்தின் பிரதியை எடுத்தார். அயலவன் கேட்டால் வெளிச்சம் விட வேண்டும் என்ற வரியை, பழைய பிரெஞ்சிலேயே, ஒரு சொல்லும் மாற்றாமல் புதிய உறுதியில் சேர்த்தார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் யாரும் கேட்காத நிபந்தனை அது. "என் மரம்" என்று, உறுதி முடிக்க வந்திருந்த கஸ்தோன் முணுமுணுத்தார். மெத்ரின் விரல் உயர்ந்தது.

வாங்குபவர் பெயர் எழுதுகிற இடம் வந்தது. மனோன்மணி அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, உங்கட பக்கம் வீடு பொம்புளையின்ர பேரிலதானே?"

"ஓம் அக்கா."

"அப்ப மட்டக்களப்பு வழக்கப்படி எழுதச் சொல்லும். இவர் பேரில இருந்தா, விக்கேக்க கனடா முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிவார்."

சிவபாதம் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். வங்கிக்கு அவர் பிணை, உறுதிக்கு அக்கா என்று முடிந்தது. மெத்ர் முழுவதையும் வாசித்தார். நான் முழுவதையும் தமிழில் சொன்னேன். அக்கா கைகட்டவில்லை. கன்னத்தில் கைவைத்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்.

ஜூலை முதலாந் திகதி தெரு முழுக்க மெத்தைகள் நடந்தன. அவர்களுடைய மெத்தைகள் தெருவைக் குறுக்கே கடந்தன, அவ்வளவுதான். அக்கா குசினியில் பால் காய்ச்சினார். மெத்ர் கழுத்துப்பட்டியோடு வந்து கதவோரத்தில் நின்றார். பால் பொங்கியதும் என்னிடம், "அடுப்பு மூட்டியாயிற்று. காணி இனிப் பறிபோகாது" என்றார். அவர் பகிடி விட்டதை நான் கண்டது அன்று ஒருமுறைதான்.

அந்த நேரம் பின்வளவில், வேலிக்கு அப்பால், ரொக்கோ ஒரு போத்தல் வைனோடு நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. சிவபாதம் அண்ணையிடம் ஏதோ கேட்டார். அண்ணை என்னைக் கூப்பிட்டார். விசயம் இதுதான்: அந்தப் படலையை இப்போதும் வைக்கலாமா? பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது, தக்காளி நிறையக் காய்க்கும், அதுதான் கேட்கிறார்.

அண்ணை வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு குசினிப் பக்கம் கையைக் காட்டினார். "சொந்தக்காரியைக் கேக்கவேணும்."

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். ரொக்கோவைப் பார்த்தார்.

"பகலில வரட்டும்" என்றார். "இரவில மகளைப் பாக்க லவாலுக்குப் போகட்டும்."

பிரெஞ்சில் சொன்னேன். ரொக்கோ தலையாட்டினார். கதவோரத்தில் நின்ற மெத்ர் சுட்டுவிரலை உயர்த்தினார்.

"திரும்ப" என்றார். "எல்லாரும் கேட்கிற மாதிரி."

நான் குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னேன்.